எந்த வரி சொல்லுது? – உளவுக் கதையும் ஆங்கில வாசிப்பும்: வாசகர் கேள்வி-பதில்

ஆங்கில வாசிப்பு வகுப்புக்கு ஒரு பக்க உளவுக் கதை நல்ல கருவி என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பதில்களில் அடிக்கடி வரப்போகும் மாதிரிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். எளிய ஆங்கிலத்தில் 280 சொல், ஐந்து பத்தி.

ஒரு ரயில் நிலையம். வாசலில் தாடி வைத்த, கூன் விழுந்த கிழவர் செய்தித்தாள் விற்கிறார். செவ்வாய்க்கிழமை காலை. பச்சைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி பேப்பர் வாங்குகிறாள், மீதிச் சில்லறையைக் கேட்காமல் போகிறாள். டீ குடித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் அதைக் கவனித்து அவளைப் பின்தொடர்கிறான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதுபோல் பாவனை செய்கிறாள். கையில் இருப்பது திங்கட்கிழமை பேப்பர். ரயில் வந்ததும் கோட்டை பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஏறிவிடுகிறாள். இளைஞன் கோட்டின் உள்துணியைப் பிரிக்கிறான். உள்ளே குறியீட்டில் எழுதிய சீட்டு. எழுத்துகளை மாற்றிப் படித்தால், ‘வீ ஹாவ் பீன் வாச்சிங் யூ’. திரும்பிப் பார்க்கிறான். கிழவர் நேராக நிமிர்ந்து நிற்கிறார். முகத்தில் தாடி இல்லை.

கேள்வி: ஒரு பக்க உளவுக் கதையை ஒரே பீரியடில் நடத்தினேன். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். குழந்தைகள் வாய் பிளந்து கேட்டார்கள். மறுநாள் அதே தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஒருவருக்கும் ஓடவில்லை. எங்கே தவறு?
– ஏழாம் வகுப்பு ஆசிரியை, தமிழ்வழி நடுநிலைப் பள்ளி

அவர்கள் ரசித்தது நீங்கள் தமிழில் சொன்ன கதையை. முடிவு தமிழிலேயே தெரிந்துவிட்ட பிறகு ஆங்கில வரிகளுக்குள் போய்த் தேட அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. உளவுக் கதையின் பலமே ‘அடுத்து என்ன?’ என்ற தவிப்புதான். அந்தத் தவிப்பை ஆங்கிலத்தில் வாசித்து மட்டுமே தீர்த்துக்கொள்ள முடியும் என்ற நிலையை வகுப்பில் உண்டாக்க வேண்டும்.

முதலில் கதையின் கனத்தை அளந்து பாருங்கள். வகுப்பில் நடுத்தரமாக வாசிக்கும் நாலு பிள்ளைகளிடம் கதையின் முதல் 100 சொல்லைக் கொடுத்து, தெரியாத சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். 2 கோடுக்குள் இருந்தால் தானாக வாசிக்கலாம். 3 முதல் 5 வரை என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்கலாம். அதற்கும் மேல் போனால் கதையை எளிதாக்குங்கள், அல்லது வேறு கதை எடுங்கள். இது குத்துமதிப்பான கணக்கல்ல. 50 சொல்லுக்கு ஒரு சொல் மட்டும் தெரியாமல் இருந்தால்தான் பிறர் உதவியின்றிப் பொருள் பிடிபடும் என்பது, நியூசிலாந்தின் பால் நேஷன் போன்ற சொற்பயிற்சி ஆய்வாளர்கள் வந்துசேர்ந்த அளவு. 20 சொல்லுக்கு ஒன்று என்றால் பலர் தடுமாறுவார்கள்.

மாதிரிக் கதையில் புதிய சொல் எட்டு: கோட் (குறியீடு), ஃபாலோ (பின்தொடர்), பிரிடெண்ட் (பாவனை செய்), நோட்டிஸ் (கவனி), ஹைட் (மறை), ஸ்ட்ரேஞ்சர் (முன்பின் தெரியாதவர்), லைனிங் (உள்துணி), டிஸ்கைஸ் (மாறுவேடம்). இதில் குறியீடு என்ற பொருளில் வரும் கோட், ஃபாலோ, பிரிடெண்ட் ஆகிய மூன்று இல்லாமல் கதையே நகராது. அந்த மூன்றை மட்டும் முன்கூட்டியே நடித்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். மீதி ஐந்து. 280-க்கு 5 என்றால் 56 சொல்லுக்கு ஒன்று. தாங்கக்கூடிய கனம்தான்.

இனி, கதையை நாலு பீரியடாகப் பிரியுங்கள். தாளை ஜெராக்ஸ் எடுக்கும்போதே கடைசிப் பத்தியைக் கத்தரித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால், வேகமாக வாசிக்கும் பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் ‘கிழவன்தான் சார்!’ என்று கத்திவிடும், வகுப்பு அதோடு கலைந்துவிடும். இடப்பக்க ஓரத்தில் ஐந்து வரிக்கு ஒருமுறை வரி எண் போடுங்கள். இருவருக்கு ஒரு தாள் போதும். ஜெராக்ஸ் வசதி இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று கரும்பலகையில் எழுதலாம். 60 சொல் பலகையில் தாராளமாக அடங்கும்.

முதல் பீரியடில் மூன்று சொல்லுக்கு 5 நிமிடம். ஃபாலோ என்றால் ஒரு மாணவனை நடக்கவிட்டு இன்னொருவனைப் பின்னால் போகச் சொல்லுங்கள். பிரிடெண்டுக்கு நீங்களே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதுபோல் நில்லுங்கள். பிறகு முதல் இரண்டு பத்தியை நீங்கள் ஒருமுறை உரக்க வாசியுங்கள், அவர்கள் வரியில் விரல் வைத்துத் தொடரட்டும். அதன்பின் 4 நிமிடம் மௌன வாசிப்பு. எல்லாரும் சேர்ந்து கோரஸாக வாசிப்பது இந்த இடத்தில் வேண்டாம். சத்தம் ஒத்துப்போகும், ஆனால் புத்தி வேறெங்கோ இருக்கும்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி: ‘யார் மேல உங்களுக்குச் சந்தேகம்? எந்த வரி சொல்லுது?’ பதிலைத் தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வரி எண் மட்டும் கட்டாயம். வரி எண் கேட்டுவிட்டால் ஊகம் சொல்பவனும் தாளைத் திரும்பப் பார்த்தாக வேண்டும். ஒரே வரியை மூன்றாவது தடவை வாசிக்கிறோம் என்பது தெரியாமலே வாசித்துவிடுவான்.

இரண்டாம் பீரியடில் மூன்று, நான்காம் பத்திகள். நோட்டிஸ், ஹைட், ஸ்ட்ரேஞ்சர் ஆகியவற்றின் பொருளை இங்கே பிள்ளைகளே ஊகிக்கட்டும். ஆனால் ஊகிக்க அக்கம்பக்கத்தில் துப்பு இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ‘அவனை அவள் முன்பின் பார்த்ததே இல்லை’ என்ற பொருளில் பக்கத்து வரி இருந்தால் ஸ்ட்ரேஞ்சர் பிடிபடும். லைனிங் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு துணை வரி கிடையாது. அதை ஊகிக்கவிட்டு ஐந்து நிமிடத்தை வீணாக்காமல் ‘கோட்டின் உள்துணி’ என்று நேரடியாகச் சொல்லிவிட்டு நகருங்கள். மூன்றாம் பீரியடில் கடைசிப் பத்தியைக் கொடுங்கள். முடிவு தெரிந்த பிறகு முழுக் கதையையும் மறுபடி வாசிக்கச் சொன்னால் சலிக்கமாட்டார்கள், எந்தத் துப்பைத் தவறவிட்டோம் என்று தேடுவார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: ‘கிழவரும் அவளும் கூட்டு என்று முதலிலேயே தெரிந்திருக்க முடியுமா? எந்த வரி?’ செவ்வாய் என்பது முதல் பத்தியில் இருக்கிறது, திங்கள் பேப்பர் என்பது மூன்றாம் பத்தியில். இரண்டையும் சேர்த்தால்தான், பழைய பேப்பரைத் தெரிந்தே விற்றவர் கிழவர் என்பது விளங்கும். தொலைவில் கிடக்கும் இரண்டு வரிகளை முடிச்சுப் போடும் இந்தத் திறமைதான் வாசிப்பு. நான்காம் பீரியடில் அந்த இளைஞன் தன் மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கையை ஐந்து எளிய ஆங்கில வாக்கியத்தில் எழுதட்டும். எட்டு புதிய சொல்லில் குறைந்தது நாலு அதில் வர வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தடுக்க வேண்டுமா?
– பட்டதாரி ஆசிரியர்

ஆறாம் வகுப்புக்கு மேல் மெல்ல நிறுத்த வேண்டும். காரணம் நம் மாதிரிக் கதையிலேயே இருக்கிறது. சி-ஓ-டி-இ என்பதையும் சி-ஓ-ஏ-டி என்பதையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கோட்’. குறியீடு சட்டைக்குள் இருக்கிறது என்ற வாக்கியத்தை ‘தி கோட் இஸ் இன் தி கோட்’ என்று எழுதி வைத்த பிள்ளைக்குக் கதையின் உயிர்நாடியான வரியே குழப்பமாகிவிடும். முதல் சொல்லின் கடைசி ஒலி அதிர்வோடு வருவது, இரண்டாவதில் அதிர்வு இல்லை. தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்பதால் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. பேக் என்று எழுதினால் பையா, முதுகா? கேப் என்றால் தொப்பியா, வாடகைக் காரா, இடைவெளியா?

ஒலி வேறுபாட்டைப் புரியவைக்கத் தொண்டையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். ‘பாடம்’ என்பதில் வரும் ட-வுக்கு அதிர்வு தெரியும், ‘பாட்டு’ என்பதில் வரும் ட்-க்குத் தெரியாது. அதையே கோட் என்ற இரண்டு சொல்லிலும் செய்து காட்டலாம். கூடவே, அதிர்வுள்ள ஒலியில் முடியும் சொல்லில் அதற்கு முந்தைய உயிர் சற்று நீளும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கடைசி ஒலியைக் காட்டிலும் அந்த நீட்சிதான் காதுக்குச் சுலபமாகப் பிடிபடும்.

தமிழ் எழுத்தை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதல் வாரம் பென்சிலில் எழுத அனுமதித்து, வாரக் கடைசியில் அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த கதையில் புதிய சொல்லுக்கு மட்டும் எழுதட்டும். இன்னொன்று, ஸ்பை என்ற சொல்லை ‘இஸ்பை’ என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்வார்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்புபோல் நீட்டத் தொடங்கி, அப்படியே ‘பை’ என்பதில் இறங்கச் சொன்னால் இரண்டு மூன்று நாளில் சரியாகும்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலத்தைத் தடங்கலே இல்லாமல் படபடவென்று வாசிக்கிறாள். கதை என்னம்மா என்று கேட்டால் முழிக்கிறாள். ஆங்கிலவழிப் பள்ளிதான்.
– ஒரு தாய், சேலம்

எழுத்தை ஒலியாக்கும் வேலையில் அவள் தேறிவிட்டாள். ஒலியைப் பொருளாக்கும் வேலைதான் நடக்கவில்லை. உளவுக் கதையில் இது சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். ஏனென்றால் அதில் ஒரே ஆளை நாலு பெயரில் சொல்வார்கள். கிழவர் முதலில் ‘ஓல்ட் மேன்’, பிறகு ‘நியூஸ்பேப்பர் செல்லர்’, பிறகு வெறும் ‘ஹி’, கடைசியில் ‘டால் ஸ்ட்ரேஞ்சர்’. தமிழ்க் காது அவன், அவர் என்ற மரியாதை வேறுபாட்டை வைத்தே ஆளைப் பிரித்துவிடும். கிழவருக்கு ‘வந்தார்’, இளைஞனுக்கு ‘வந்தான்’ என்று வினைமுற்றே காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஹி-தான், வினையில் துப்பு எதுவும் இல்லை. ஆகவே கதையில் வரும் ஒவ்வொரு ஹி, ஷி, தே மீதும் யார் என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மூன்று ஆளுக்கு மூன்று நிறப் பென்சில் கொடுத்தாலும் சரி. எந்த இடத்தில் நிறம் மாறிப்போகிறதோ அந்த இடத்தில்தான் கதை நழுவியிருக்கிறது.

இரண்டாவது இடம், நீள வாக்கியம். தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் வந்து, ஆள் பின்னால் வருவார்: ‘பேப்பர் வாங்கிய பச்சைக் கோட்டுப் பெண்’. ஆங்கிலத்தில் பெண் முதலில் வந்துவிடுவாள், கோட்டும் பேப்பரும் வால்போல் பின்னால் நீளும், அதற்கப்புறம்தான் அவள் என்ன செய்தாள் என்பது வரும். தமிழ்ப் பழக்கத்தில் வாசிக்கும் பிள்ளை, வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘பேப்பர் போய்விட்டது’ என்று புரிந்துகொள்ளும். இதற்கு மருந்து சாய்கோடு. யார் / எப்படிப்பட்டவர் / என்ன செய்தார் / எங்கே என்று வாக்கியத்தைப் பேனாவால் வெட்டுங்கள். தினம் மூன்று வாக்கியம் போதும். முழுப் பக்கத்தையும் வெட்டினால் கதை செத்துவிடும்.

மூன்றாவது, காலம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘காவலர் வந்தபோது அவள் போயிருந்தாள்’, ‘காவலர் வந்ததும் அவள் போனாள்’ ஆகிய இரண்டும் தமிழில் எவ்வளவு வேறு! முதலாவதில் அவள் தப்பித்துவிட்டாள், இரண்டாவதில் காவலர் அவளைப் பார்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு முழுவதும் ‘ஹாட்’ (எச்-ஏ-டி) என்ற சிறு சொல்லில் தொங்குகிறது. படபடவென்று வாசிப்பவர்கள் முதலில் விழுங்குவது அதைத்தான். கதையில் ஹாட் வரும் இடங்களை வட்டமிட்டு, ‘எது முதலில் நடந்தது?’ என்று 1, 2 எண் போடச் சொல்லுங்கள். சீட்டில் உள்ள ‘வீ ஹாவ் பீன் வாச்சிங் யூ’ என்ற வாக்கியமும் இப்படித்தான். ‘பார்க்கிறோம்’ என்று மட்டும் புரிந்துகொண்டால் பயமில்லை. ‘இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்’ என்று புரிந்தால்தான் இளைஞனுக்கு ஏன் வியர்த்தது என்பது விளங்கும்.

வாசிக்கும் வேகத்தைக் குறை என்று மட்டும் சொல்லாதீர்கள். வேகம் அவளுடைய சொத்து. ஒரு பத்தி முடிந்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, நடந்ததைத் தமிழில் இரண்டே வாக்கியத்தில் சொல்லும் பழக்கம் மட்டும் போதும். நிதானம் தானாக வந்துவிடும்.

கேள்வி: கதைக்கு 30 சொல் எழுதிப் போட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து தடவை இம்போசிஷன் எழுத வைக்கிறேன். டிக்டேஷனில் மதிப்பெண் வருகிறது. ஆனால் அடுத்த மாதம் அதே சொல் வேறு பாடத்தில் வந்தால் தெரியவில்லை.
– ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

ஐந்து தடவை எழுதும்போது கை எழுத்துகளைத்தான் பழகுகிறது, பொருளை அல்ல. அதுவும் ஐந்தும் ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து தடவையை ஐந்து வெவ்வேறு நாளுக்குப் பரப்பிவிடுங்கள். இன்று, நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு தடவையும் பார்த்து எழுதாமல் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் கதையில் அந்தச் சொல் வரும் வாக்கியமும். காலி தீப்பெட்டி மூன்றை ஒட்டி அதற்கேற்றபடி அட்டையைச் சின்னதாக வெட்டினால் போதும். தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தெரியாதது முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை வாரம் இருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

30 சொல் என்பதும் அதிகம். 8, மிஞ்சினால் 10. எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். உளவுக் கதை என்றதும் சைஃபர், மிஷன், டபுள் ஏஜென்ட் போன்ற பகட்டுச் சொற்கள்தான் கண்ணில் படும். ஆனால் வேறு பாடங்களிலும் தேர்விலும் வாழ்க்கையிலும் திரும்பத் திரும்ப வரப்போவது நோட்டிஸ், ஃபாலோ, ஹைட், பிரிடெண்ட் போன்ற சாதாரண வினைச்சொற்கள். உழைப்பை அவற்றில் போடுங்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1920-களில் வங்காளப் பிள்ளைகளுக்காகச் செய்தது இதைத்தான். அரிய சொல்லை எடுத்துவிட்டுப் பொதுச் சொல்லை வைத்தார், புதுச் சொற்களை இடைவெளி விட்டுத் தூவினார், ஒருமுறை வந்த சொல் மறுபடி மறுபடி வரும்படி எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியலுக்கு மூலம் அந்த அனுபவம். நம் துணைக்கண்டத்து வகுப்பறையில் பிறந்த முறை இது. அது நம் வகுப்புகளிலேயே மறந்துபோனது வருத்தமான விஷயம்.

இன்னொரு வகைச் சொல் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியும் என்று நாம் நினைப்போம், அதற்கும் தெரியும், ஆனால் தெரிந்தது வேறு பொருள். தமிழுக்குள் வந்து குடியேறிய ஆங்கிலச் சொற்கள் இவை. நோட்டீஸ் என்றால் வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் துண்டுத்தாள், கதையில் அது ‘கண்ணில் படுதல்’. கவர் என்றால் தபால் உறை அல்லது பிளாஸ்டிக் பை, கதையில் அது உளவாளி தன்னை மறைத்துக்கொள்ளப் போட்டுக்கொள்ளும் பொய்த் தொழில். பேப்பர் விற்பதுதான் கிழவருடைய கவர். ஏஜென்ட் என்றதும் இன்சூரன்ஸ்காரர் நினைவுக்கு வருவார், உளவுக் கதையில் அவர் உளவாளி. வாட்ச் கையில் கட்டுவது, கதையில் அது ‘கண்காணித்தல்’. இச்சொற்களைப் ‘பழைய முகம், புது வேலை’ என்று தலைப்பிட்டுச் சார்ட்டில் தனியாக எழுதி வையுங்கள். மாறுவேடம் போட்ட சொற்கள் என்று சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கொண்டுவருவார்கள்.

டிஸ்கைஸ் என்ற சொல்லைச் சொல்லித்தர இரண்டு பக்க விளக்கம் வேண்டாம். ஒற்றாடல் அதிகாரத்தில் ‘துறந்தார் படிவத்த ராகி’ என்று தொடங்கும் 586-ஆம் குறள் போதும். துறவி வேடத்தில் போகும் ஒற்றன் அதில் இருக்கிறான். தமிழாசிரியரிடம் அந்த வாரமே அதை நடத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

தேர்விலும் டிக்டேஷனைக் கைவிடுங்கள். முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, அதற்கப்புறம் ஏழாவது ஏழாவது சொல்லாக அழித்துக் கோடு போட்ட தாளைக் கொடுங்கள். 15 கோடு போதும். பொருந்தும் சொல் எதுவானாலும் மதிப்பெண் உண்டு. நிரப்ப முடிந்தவருக்குக் கதை புரிந்திருக்கிறது.

கேள்வி: எலுமிச்சைச் சாறு மை, ரகசியக் குறியீடு என்றெல்லாம் செய்முறை சொல்கிறார்கள். உண்மையில் பயன் உண்டா, வெறும் விளையாட்டா? நாங்கள் செய்தபோது எழுத்தே தெரியவில்லை, தாள்தான் கருகியது.
– ஆறாம் வகுப்பு ஆசிரியை

செய்முறைக் குறிப்பை ஆங்கிலத்தில் கொடுத்து, அதை வாசித்து அவர்களே செய்தால் பயன் உண்டு. நீங்கள் தமிழில் சொல்லி அவர்கள் செய்தால் அது அறிவியல் வகுப்பு. ஆறே ஆறு கட்டளை வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: பிழி, தொடு, எழுது, காயவிடு, சூடாக்கு, வாசி. ஒரு படியை விட்டுவிட்டால் எழுத்து வராது என்பதால் ஒவ்வொரு வரியையும் வாசித்தே ஆக வேண்டும்.

கருகியதற்குக் காரணம் பெரும்பாலும் நெருப்பு. மெழுகுவர்த்திச் சுடர், தீக்குச்சி வகுப்பில் வேண்டவே வேண்டாம். சாற்றில் இருக்கும் சர்க்கரையும் அமிலமும் தாளைவிடக் குறைந்த சூட்டில் பழுப்பாகும், அதுதான் சூத்திரம். சுடரில் காட்டினால் தாளும் அதே நேரத்தில் கருகிவிடும். அரை எலுமிச்சையைப் பிழிந்து வடிகட்டி, நாலைந்து சொட்டுத் தண்ணீர் சேர்த்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் எழுத வேண்டும். தண்ணீர் கூடினால் பழுப்பு ஏறாது. ஈரம் இருக்கும்போது சூடாக்கினால் தாள் சுருங்கும். குறைந்தது 10 நிமிடம் காயட்டும். பிறகு இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, தாள்மேல் சில விநாடி அழுத்தி எடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி அழுத்தலாம். பெட்டி ஆசிரியர் கையில் மட்டும்தான். மழமழப்பான தாள் ஆகாது, சாதாரண நோட்டுத்தாளே நல்லது. மின்சாரம் இல்லாத பள்ளியில் வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தி எழுதி, தண்ணீரில் கரைத்த நீல மையைப் பஞ்சால் தடவினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாகத் தெரியும்.

இது கதைக்காரர்கள் கட்டிவிட்டதல்ல என்பதையும் சொல்லுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனில் பிடிபட்டு 1915-இல் லண்டன் கோபுரத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஜெர்மன் உளவாளி கார்ல் முல்லர் எழுதியது எலுமிச்சைச் சாற்றில்தான்.

குறியீட்டுக்கு ஜூலியஸ் சீசர் பயன்படுத்திய முறை போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் அதற்கு மூன்று தள்ளி வரும் எழுத்து, ஏ-க்கு டி, பி-க்கு இ. 26 எழுத்தை இரண்டு தாள்பட்டையில் எழுதி நகர்த்தினால் பிழை குறையும். எழுத்து வரிசையில் தடுமாறும் பிள்ளைக்கு இது கைகொடுக்கும், எழுத்துக்கூட்டலும் உறுதிப்படும், ஏனென்றால் ஒரு எழுத்து தவறினால் மறுபக்கத்தில் சொல்லே வராது. செய்தி 5 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. 15 நிமிடத்தோடு நிறுத்துங்கள். நீண்டால் எழுத்தைக் கணக்கிடுவதே வேலையாகி, வாசிப்பு நின்றுவிடும்.

கேள்வி: உளவுக் கதை என்றாலே துப்பாக்கியும் பொய்யும்தானே? பேரனுக்குக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற தாத்தா, தஞ்சாவூர்

உங்கள் தயக்கம் நியாயமானது ஐயா. மாதிரிக் கதையில் துப்பாக்கி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்ப்பது, மறைப்பது, கண்டுபிடிப்பது ஆகிய மூன்றே போதும். பேரன் சற்று வளர்ந்தவன் என்றால் உண்மை வரலாறு கொடுங்கள். நூர் இனாயத் கான் என்ற பெண்மணி திப்பு சுல்தான் வழியில் வந்தவர். 1914-இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். புத்தரின் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதியவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அவரை 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்கு வயர்லெஸ் கருவி இயக்குபவராக அனுப்பியது. அந்த வேலைக்கு அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் அவர். மேடலின் என்பது அவருடைய ரகசியப் பெயர். ஓரிடத்திலேயே நின்று செய்தி அனுப்பினால் அலை வரும் திசையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் இடம் மாறிக்கொண்டே இருந்தார். அந்த அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார், தப்பிக்கவும் முயன்றார். 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 1949-இல் வீரத்துக்கான பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. இந்த விவரங்களை நீங்களே 12 எளிய ஆங்கில வாக்கியத்தில் எழுதிக் கொடுக்கலாம். கேரி, சென்ட், எஸ்கேப், பிட்ரே, பிரேவ் என்று ஐந்து நல்ல சொல் அதில் இயல்பாக வந்துவிடும். மரணத்தை எந்த வயதுக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: தெரியாத சொல்லுக்கு மொபைலில் மொழிபெயர்ப்புப் பார்த்தால் என்ன?
– கல்லூரி மாணவி

கடைசியில் பாருங்கள், முதலில் அல்ல. தனிச் சொல்லாகப் போட்டால் மோல் என்பதற்கு மச்சம் என்று வரும், பக் என்பதற்குப் பூச்சி. கதையிலோ முதலாவது எதிரியின் அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே உளவு சொல்பவர், இரண்டாவது ஒளித்துவைத்த ஒலிவாங்கி. ஒரு பத்தி முடியும்வரை வாசித்து, உங்கள் ஊகத்தை ஓரத்தில் எழுதிவிட்டு, அதன்பின் முழு வாக்கியத்தையும் போட்டுச் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் தரத்துக்கு ஏற்ற கதை கிடைப்பதில்லை. நாங்களே எழுதலாமா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இருவர்

தாராளமாக எழுதலாம். மூன்று ஆள், ஒரே இடம், ஒரே நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவை முதலில் எழுதுங்கள். பிறகு அந்த முடிவுக்கு இரண்டு துப்பு யோசித்து, ஒன்றை முதல் பத்தியிலும் மற்றதை நடுவிலும் வையுங்கள். துப்பு கிழமை, நிறம், எண்ணிக்கை போலப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லில் இருக்க வேண்டும். துப்பே தெரியாத சொல்லாக இருந்தால் கண்டுபிடிக்க வழியில்லாமல் போய்விடும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வாக்கியம் 10 சொல்லைத் தாண்டாமல் பாருங்கள். ஆனால் எல்லா வாக்கியமும் 5 சொல்லாக இருந்தால் தந்தி போலாகிவிடும். பிகாஸ், வென், பட் போன்ற இணைப்புச் சொற்களை எளிமைக்காக வெட்டிவிடாதீர்கள். காரணம் சொல்லும் சொல் போய்விட்டால் வாக்கியம் குட்டையாகும், புரிவது கடினமாகும்.

எட்டு புதிய சொல்லும் கதைக்குள் குறைந்தது மூன்று தடவை வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எழுதி முடித்ததும் உங்களில் ஒருவர் கதையை வாசிக்காமல் இருங்கள். மற்றவர் கடைசிப் பத்தியை மறைத்துக் கொடுக்கட்டும். முடிவை ஊகித்து, எந்த வரியை வைத்து ஊகித்தீர்கள் என்று காட்ட முடிந்தால் கதை வகுப்புக்குப் போகலாம். முடியவில்லை என்றால் இரண்டாவது துப்பை இன்னும் ஒரு பத்தி முன்னால் நகர்த்துங்கள்.